முழங்காலில் ஒரு குறையும் இல்லை

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதன் பின்கால் ஆடும். இதில் உட்காருங்கள். உங்கள் மகள் உள்ளே மற்றப் பெண்களோடு சற்று நேரம் நிற்கட்டும், கூச்சம் தானாகப் போய்விடும்.

சேர்க்கைப் படிவத்தை உங்களிடம் கொடுப்பதற்கு முன்னால் நான் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் கேட்கவில்லைதான். ஆனால் மாடிப்படி ஏறி வந்ததிலிருந்து கேட்க நினைத்துக்கொண்டே இருக்கிறீர்கள். ஈரோட்டில் பரதம் கற்றுக்கொடுப்பவர்கள் பலர் உண்டு. என் பெயரைச் சொன்னதும் யாராவது ஒருவர் உங்களிடம், "பத்மஜா மிஸ்ஸா? அங்கதானுங்களே ஒரு புள்ளைக்குக் கால் போச்சு?" என்று கேட்டிருப்பார். கால் போகவில்லை. கால் இருக்கிறது. மூன்று சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். எதையும் சரியாகச் சொல்ல வேண்டும் என்பது என் பழக்கம்.

நான் விலங்கியலில் இளங்கலை முடித்தவள். பிறகுதான் நாட்டியத்தில் முதுகலை. ஆகையால் எலும்பும் தசையும் எனக்குப் புதியவை அல்ல. இருபத்திரண்டு வருடங்களாக இந்த மாடியில் சொல்லிக்கொடுக்கிறேன். முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது என்று ஒருமுறையாவது சொல்லாமல் அரைமண்டியைத் தாண்டிய பெண் ஒருத்தியும் இல்லை. அரைமண்டி தெரியுமல்லவா உங்களுக்கு? பாதங்களைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்கால்களை வெளிப்புறமாக விரித்து, முதுகு நிமிர்ந்து பாதி உட்கார்ந்த நிலை. ஆட்டத்தின் அடிப்படை அசைவுகளான அடவுகள் எல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகின்றன.

வலி என்றால் மற்ற ஆசிரியர்கள், "பழகப் பழகப் போயிரும்" என்று சொல்லிவிடுவார்கள். நான் அப்படிப்பட்டவள் அல்ல. நான் கேட்பேன். கேட்டு எழுதுவேன். ஒவ்வொரு மாணவிக்கும் என்னிடம் ஒரு குறிப்பேடு உண்டு. ஒரு விரலால் காட்ட முடிகிறதா, உள்ளங்கையை வைக்கிறாயா? படி ஏறும்போதா, இறங்கும்போதா? நீண்ட நேரம் உட்கார்ந்து எழுந்தால் வலிக்கிறதா? வீக்கம் உண்டா? மடக்கும்போது இடையில் சிக்கிக்கொள்கிறதா? முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரே இடத்தில் புடைத்து வலித்தால், வளரும் வயதில் அதிகமாகக் குதித்ததால் இருக்கும். சில்லைச் சுற்றி வலித்தால், முழங்கால் பாதத்தின் நேரே போகாமல் உள்ளே சாய்கிறது என்று பொருள். சில்லுக்கு மேலே வலித்தால் தொடைத் தசை இறுகியிருக்கும். இவ்வளவையும் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் தர்ஷிகா. ஏழு வயதில் என்னிடம் வந்தாள். அவளுடைய அம்மா சுகந்தி கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறார். பன்னிரண்டு வயது ஆனபோது உயரமும் எடையும் ஒன்றாக ஏறின. எடை சற்று அதிகமாகவே ஏறியது. கடைசி வரிசையில் நிற்பாள். "தர்ஷி குதிச்சான்னா கீழ்வீட்டு மிக்ஸி தானா ஓடும்" என்று ஒரு பெண் சொல்வாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். அப்படிப் பேசக் கூடாது என்று நான் கண்டித்திருக்கிறேன். முதல் தடவை எனக்கும் சிரிப்பு வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் கண்டித்தேன்.

தை மாதம் அவளுக்கு அரங்கேற்றம் என்று முடிவு செய்திருந்தோம். போன வருடம் ஜூன் பத்தொன்பதாம் தேதி வந்து, முட்டி வலிக்கிறது என்றாள். வலது முழங்கால். நான் குறிப்பேட்டை எடுத்தேன்.

"எந்த இடம்?"

"முட்டிதானுங்க மிஸ்."

"ஒரு விரலால் காட்டு."

அவளால் காட்ட முடியவில்லை. உள்ளங்கையைத் தொடையின் நடுவில் வைத்து முழங்கால் வரைக்கும் இழுத்தாள். "இங்கிருந்து இப்படி வருதுங்க மிஸ்."

"எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கவில்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்டேன்." அவள் கையை எடுத்து முழங்கால் சில்லின் மேல் வைத்தேன். "இங்கேதானே?"

"ஆமாங்க மிஸ்."

எழுதிக்கொண்டேன். வலது முழங்கால், முன்பக்கம், உள்ளங்கை அளவு, வீக்கம் இல்லை. தொடை என்று எழுத என் படிவத்தில் கட்டம் இல்லை. அப்போது இல்லை.

காரணம் எளிதாகத் தெரிந்தது. எடை கூடியிருக்கிறது, தொடையின் முன் தசைக்குப் போதிய வலு இல்லை. காலை நீட்டி உயர்த்தும் பயிற்சி கொடுத்தேன். சுகந்தியை அழைத்து எடையைப் பற்றியும் சொன்னேன். "முறுக்கு, மிச்சர் எல்லாத்தையும் பூட்டி வெச்சிருக்கேனுங்க மிஸ். அப்படியும் ஏறுது, என்ன பண்றது?" என்றார். அதற்கு மேல் அவர்கள் வீட்டுக்குள் நான் போக முடியாதல்லவா?

இப்போது தரையைப் பாருங்கள். அந்தச் சுண்ணாம்புக் கோடுகள் நான் போட்டவை. இரண்டு பாதங்களும் எந்த அளவுக்கு வெளிப்புறம் திரும்ப வேண்டும் என்பதற்கான கோடுகள். வேறு எந்த வகுப்பிலும் நீங்கள் இதைப் பார்க்க முடியாது. தர்ஷிகாவின் பாதங்கள் ஐந்து வருடங்களாக அந்தக் கோட்டைத் தொட்டதில்லை. இரண்டு விரற்கடை குறைவாகவே நிற்கும். சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துப்போயிருந்தது.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள், ஆகஸ்ட் நான்காம் தேதி, திங்கட்கிழமை. அவள் அரைமண்டியில் உட்கார்ந்தாள். வலது பாதம் கோட்டைத் தாண்டி நின்றது. தொடவில்லை, தாண்டி நின்றது. அவ்வளவு திறப்பு எனக்கே என் இளம் வயதில் வாய்த்ததில்லை. நான் தாளம் போடும் தட்டுக்கழியைக் கீழே வைத்துவிட்டேன்.

"எல்லோரும் இங்கே வாருங்கள். தர்ஷிகாவின் வலது பாதத்தைப் பாருங்கள். திறப்பு என்றால் இது."

பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். மிக்ஸி என்று சொன்ன பெண்ணும் பார்த்தாள். தர்ஷிகாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மிஸ், அது தானாப் போகுதுங்க" என்றாள்.

"தானாகப் போகும் அளவுக்கு நீ உழைத்திருக்கிறாய். இனி இடது பாதம் வலது பாதத்திடம் கற்றுக்கொள்ள வேண்டும்."

அன்றே அவளை முன்வரிசைக்கு மாற்றினேன். திறமையை மதிப்பதில் நான் தாமதித்ததே இல்லை.

அதன் பிறகு வாரம் இரண்டு முறை வலியைப் பற்றிக் கேட்டேன். ஒன்பது வகுப்புகள். ஒன்பது முறையும், "இல்லைங்க மிஸ்" என்றாள். ஒன்பது முறையும் 'வலி இல்லை' என்று தேதி போட்டு எழுதியிருக்கிறேன். என் பயிற்சி பலிக்கிறது என்று நினைப்பது தவறா, சொல்லுங்கள்? சுகந்திதான் தொலைபேசியில், "வீட்டுல நொண்டறாளுங்க மிஸ். படியில கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்கறா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் எல்லாக் குழந்தைகளும்தான் நொண்டும். தட்டைக் கழுவி வைக்கச் சொன்னால் என் மகனும் நொண்டியிருக்கிறான்.

செப்டம்பரில் சுகந்தி அவளை இந்த ஊரிலேயே ஓர் எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போனார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் முழங்காலை அழுத்திப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "முழங்கால்ல ஒரு குறையும் இல்லீங்க. வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். தடவ ஒரு களிம்பு, போட்டுக்கொள்ள ஓர் இறுக்க உறை. அவர் சொன்னது உண்மை. முழங்காலில் ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் அவருடைய அறையின் வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்கள்.

படம் சுத்தமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு எனக்கும் தெளிவு வந்தது. எலும்பில் இல்லாத வலி வேறெங்கே இருக்கும்? மனத்தில். அரங்கேற்றம் நெருங்கும்போது பயம் உடம்பில் இறங்குவதை நான் எத்தனையோ பெண்களிடம் பார்த்திருக்கிறேன். ஆகையால் வகுப்பைக் கூட்டினேன். வாரம் இரண்டு என்பதை நான்காக்கினேன்.

மிருதங்கம் வாசிக்கும் கஜேந்திரன் ஒத்திகைக்கு வரத் தொடங்கியிருந்தார். பவானிக்காரர். அதிகம் பேசமாட்டார். ஐப்பசியில் ஒருநாள் பெண்கள் போன பிறகு வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"அம்மா, அந்தத் தர்ஷிப் பொண்ணுக்கு வலது கால் தாளத்துக்குத் தள்ளி விழுதுங்க."

"எவ்வளவு?"

"கணக்குல சொல்ற அளவு இல்லீங்க. ஆனா இழுத்துட்டு வந்து வெக்கற மாதிரிக் கேக்குது. நோவு இருக்கற கால் சத்தமுங்க அது."

"கஜேந்திரன், தாளத்தை நீங்கள் பாருங்கள். காலை நான் பார்த்துக்கொள்கிறேன்."

"சரிங்கம்மா" என்றார். அவர் இப்போது எனக்கு வாசிப்பதில்லை. அது அவருடைய விருப்பம்.

கார்த்திகை மூன்றாவது வாரம், சனிக்கிழமை. வர்ணம் என்ற நீண்ட உருப்படியின் நடுவில் ஒரு சிறிய துள்ளல் வரும். பெரிய தாவல் எதுவும் இல்லை, பாதி அடி உயரம்கூட இருக்காது. துள்ளினாள், இறங்கினாள், தரையில் உட்கார்ந்துவிட்டாள். அலறவில்லை. சலங்கை மட்டும் கொஞ்சம் தாமதமாக அடங்கியது.

"எழுந்திரு" என்றேன்.

"இதோ மிஸ். மறுபடி பண்றனுங்க மிஸ்."

கையை ஊன்றி எழப் பார்த்தாள். இடது கால் எழுந்தது. வலது கால் எழவில்லை. வேறு யாரோ அங்கே வைத்துவிட்டுப் போனது போல வெளிப்புறம் சாய்ந்து கிடந்தது. அவள் உதடு வெளுத்திருந்தது. அப்போதும், "ஒரு நிமிஷம் மிஸ், ஒரே நிமிஷம்" என்று என்னிடம் அவகாசம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சுகந்தி ஆட்டோவில் வந்தார். பக்கத்து வீட்டுக்காரருடைய காரில், பின் இருக்கையில் அவளைப் படுக்கவைத்துக் கோயம்புத்தூருக்குப் போனோம். நானும் போனேன். பொறுப்பில்லாதவள் என்றால் போயிருப்பேனா? வழியெல்லாம் அவள் முழங்காலை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அங்கே பார்த்த மருத்துவர் ஓர் இளம் பெண். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். அவர் முழங்காலைத் தொடவே இல்லை. கால் கிடந்த விதத்தைக் கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்தார். இடுப்புக்குப் படம் எடுக்கச் சொன்னார். நான் திருத்தினேன்.

"டாக்டர், வலி முழங்காலில்."

"தெரியுதுங்க. முழங்கால் வலின்னு வர்ற குழந்தைக்கு நான் முதல்ல இடுப்பைத்தான் பார்ப்பேன்."

பிறகு விளக்கினார். நன்றாகவே விளக்கினார். இடுப்பு மூட்டுக்குப் போகும் நரம்புகள்தாம் தொடை வழியாக முழங்காலுக்கும் போகின்றன. நோவு மேலே இருக்கும், குழந்தை கீழே காட்டும். வளரும் வயதில் தொடை எலும்பின் உருண்டைத் தலைக்கும் அதன் கழுத்துக்கும் நடுவே வளர்ச்சித் தட்டு ஒன்று மிருதுவாக இருக்கும். எடை கூடிய பிள்ளைகளுக்குச் சில சமயம் அது தாங்காது. படத்தைக் காட்டினார். காளானின் குடை காம்பிலிருந்து சரிந்தது போல இருந்தது. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, அன்று முழுவதும் நழுவிவிட்டது.

"சரியச் சரியக் கால் தானாகவே வெளிப்பக்கம் திரும்பிடும். இந்தப் பாதம் எப்ப இருந்து திரும்ப ஆரம்பிச்சது, கவனிச்சீங்களா?"

சுகந்தி, "தெரியலீங்களே டாக்டர். டான்ஸ் ஆடற புள்ள, அப்படித்தான் நடக்கும்னு இருந்துட்டேனுங்களே" என்று விக்கினார்.

நான் சொன்னேன். "ஆகஸ்ட் நான்கு. திங்கட்கிழமை. மாலை ஐந்தே முக்காலுக்கு."

மருத்துவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு நிமிர்ந்து, "நீங்க யாருங்க?" என்றார்.

"அவளுடைய நாட்டிய ஆசிரியர்."

அந்த அறையில் தேதியோடு பதில் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான் இருந்தேன். பெற்ற தாய்க்குத் தெரியவில்லை. அதற்கு எனக்கு ஒரு நன்றிகூட இல்லை. மருத்துவர் படத்தைத் திரும்ப உறையில் போட்டபடி, "அன்னைக்கே இடுப்புக்கு ஒரு படம் எடுத்திருந்தா ஒரே ஒரு ஸ்க்ரூவோட முடிஞ்சிருக்கும்" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

சுகந்தி என் பக்கம் திரும்பினார். "நாலு மாசமா உங்களுக்குத் தெரியுங்களா மிஸ்?"

"பாதம் திரும்பியது தெரியும். காரணம் தெரியாது. இரண்டும் ஒன்றல்ல, சுகந்தி."

அந்த வேறுபாட்டை அவர் இன்றுவரை ஏற்கவில்லை. படித்தவர்தான், வங்கியில் வேலை பார்ப்பவர்தான், ஆனாலும் ஏற்கவில்லை.

அறுவை சிகிச்சை நடந்தது. திருகாணி போட்டார்கள். முழுவதும் நழுவும்போது அந்த உருண்டைத் தலைக்குப் போகும் ரத்தம் நின்றுவிடலாம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். நின்றுவிட்டது. சித்திரையில் எடுத்த படத்தில் தலை நசுங்கத் தொடங்கியிருந்ததாம். இனி ஆட முடியாது, ஓட முடியாது, சம்மணம் போட்டு உட்கார முடியாது. வளர்ந்து முடிந்த பிறகு செயற்கை மூட்டு வைக்கலாம், அதுவும் எத்தனை வருடம் உழைக்கும் என்று சொல்ல முடியாது. இதையெல்லாம் நான் மூன்றாம் மனிதர்கள் மூலமாகத்தான் கேள்விப்பட்டேன். சுகந்தி என் அழைப்பை எடுப்பதில்லை.

ஒருமுறை வந்தார். மார்கழியில். குறிப்பேட்டைக் கேட்டார். மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது? கொடுத்தேன். இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இதே நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஆகஸ்ட் நான்காம் தேதிப் பக்கத்தை மட்டும் கைபேசியில் படம் எடுத்துப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, வெறும் படம். என் கையெழுத்து தெளிவானது, எல்லோருக்கும் புரிந்திருக்கும். 'வலது பாதம் மிக அழகு. இடதும் இதுபோல் வர வேண்டும்.'

முப்பத்தொரு பெண்கள் இருந்தார்கள். பொங்கலுக்குப் பிறகு ஒன்பது பேர்.

என் மனக்குறை இதுதான். அந்த ஒரு பக்கத்தை ஊரே பார்த்தது. மற்றப் பக்கங்களை யார் பார்த்தார்கள்? ஜூன் மாதமே வலி என்று பதிந்து வைத்தது யார்? ஒன்பது முறை விசாரித்தது யார்? எழுதாத ஆசிரியரிடம் இது நடந்திருந்தால் குற்றம் சொல்ல ஒரு காகிதம்கூட இருந்திருக்காது. எழுதியதுதான் என் தவறா?

இப்போது படிவத்தை மாற்றிவிட்டேன். தொடைக்கு ஒரு கட்டம், இடுப்புக்கு ஒரு கட்டம். சேரும் பெண்ணை முதல் நாளே பாயில் மல்லாந்து படுக்கவைத்து, இரண்டு கால்களையும் ஒவ்வொன்றாக மடக்கி, உள்ளே திருப்பிப் பார்க்கிறேன். ஒரு கால் உள்ளே திரும்ப மறுத்து வெளியே விழுந்தால் அன்றே மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன். நடையையும் பார்க்கிறேன். கடைசியில் பெற்றோர் கையெழுத்திட வேண்டும். இந்த ஊரில் இதைவிடக் கவனமான நாட்டிய வகுப்பை நீங்கள் காட்டிவிட முடியாது.

ஒன்று மட்டும்... இல்லை, சொல்லிவிடுகிறேன். அந்த ஜூன் மாதம் நான் அவள் கையைத் தொடையிலிருந்து எடுத்தேனே. வியர்த்திருந்தது அந்தக் கை. சற்று எதிர்த்தது என்றுகூடச் சொல்லலாம். நான் நகர்த்திய பிறகு அது அங்கேயே இருந்துவிட்டது. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இருக்கட்டும்.

தர்ஷிகாவை நான் அதன் பிறகு ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். இந்த ஜூன் மாதம், பள்ளி திறக்கிற வாரம், நோட்டுப் புத்தகக் கடையில். சுகந்தி எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். அவள் இரண்டு கைகளிலும் ஊன்றுகோலோடு கடைக்குள் வந்தாள். இளைத்திருந்தாள். நல்ல உயரம். வலது செருப்புக்கு மட்டும் அடியில் கனமாகத் தட்டு வைத்துத் தைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பின்வாங்குவாள் என்று நினைத்தேன். அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"மிஸ், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமுங்க. அம்மா வர்றதுக்குள்ள."

"சொல்."

"வலி இல்லைன்னு நான் பொய் சொன்னேனுங்க மிஸ். ரொம்ப வலிச்சுதுங்க. சொன்னா முன்னாடி வரிசையில இருந்து எடுத்துருவீங்கன்னு நெனச்சேன்."

"அப்படியா?" என்றேன்.

"என்னாலதானுங்க எல்லாரும் உங்க கிளாஸ விட்டுப் போயிட்டாங்க. நான் பொய் சொன்னதுதான் தப்புன்னு அம்மாகிட்டச் சொன்னேன். அம்மா கேக்க மாட்டேங்கறாங்க. சாரிங்க மிஸ்."

என் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தாள். ஐந்து வருடம் என்னிடம் இருந்தவள், அந்த ஒழுக்கம் போகவில்லை. ஆனால் இடுப்பு மடங்க மறுத்தது. ஓர் ஊன்றுகோல் நழுவிப் பென்சில் பெட்டிகளின் மேல் சாய்ந்தது. நான் எடுத்து அவள் கையில் கொடுத்து, "வேண்டாம், நின்றபடியே இரு. போதும்" என்றேன்.

மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். பன்னிரண்டு வயதில் ஒரு குழந்தை சொன்ன பொய்யை மனத்தில் வைத்துக்கொண்டிருப்பது எனக்கு அழகல்ல. அவள் அந்தக் கடையின் நடுவிலேயே நின்று அழுதாள். நான் அவள் தலையில் கையை வைத்தேன். ஆசிரியர் மன்னித்துவிட்டார் என்று தெரிந்தால் குழந்தைகளுக்கு அப்படித்தான், பாரம் இறங்கிவிடும்.